நில அளவர் ஜெஸ்மி அவர்கள்மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறும் மனு

அனுப்புநர்
மு. ஷாஹினாஸ் (வயது 15),
த/பெ. முஹம்மது ஷரீஃப்,
பத்தாம் வகுப்பு மாணவி,
குளத்தங்கரைத் தெரு, தேங்காப்பட்டணம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
உதவி இயக்குநர் அவர்கள்,
நில அளவை மற்றும் பதிவேடுகள் துறை,
நாகர்கோவில்.

பொருள்: தேங்காப்பட்டணத்தில் பதினான்கு சென்ட் கூட்டுப் பட்டா நிலத்தை இரண்டாகப் பிரித்தல் – நில அளவர் திருமதி ஜெஸ்மி அவர்கள் ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டார் என்று நான் அளித்த புகார் தவறானது – அதைத் திரும்பப் பெறவும், 06.08.2025 அன்று நடைபெறவுள்ள விசாரணையில் என் வாக்குமூலத்தைச் சேர்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. பதிவு அஞ்சலில் நான் அனுப்பிய புகார் மனு, நாள் 30.06.2025.
2. நில அளவருக்கு அனுப்பப்பட்ட விளக்கம் கேட்கும் குறிப்பாணை, நாள் 09.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்த யாவற்றையும் நடந்தபடியே இம்மனுவில் பதிவு செய்யப் போகிறேன். எனக்குப் பாதகமானவற்றையும் விடப் போவதில்லை. என் முந்தைய மனுவிலும் "உண்மை" என்ற சொல் நான்கு இடங்களில் வந்தது. அப்போது நான் கண்ணால் கண்டதை மட்டும் எழுதினேன், விசாரித்து எழுதவில்லை. இம்முறை விசாரித்து எழுதுகிறேன். பேசியவர்களின் சொற்கள் தேவைப்படும் இடங்களில் அவற்றை அவர்கள் பேசியபடியே தருகிறேன். அவை எழுத்துத் தமிழில் இல்லாமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. என் தந்தை வளைகுடாவில் உள்ள சலாலாவில் குளிர்சாதனப் பெட்டிகள் பழுதுபார்க்கும் வேலை செய்கிறார். அவருடைய அண்ணன் திரு. ஜலாலுதீன் ஜித்தாவில் ஒரு ரொட்டிக் கடையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். அவரை மூத்தாப்பா என்றும் அவர் மனைவி திருமதி ஜைனம்பு அவர்களை மூத்தும்மா என்றும் அழைப்பேன். மேற்படி பதினான்கு சென்ட் நிலம் சகோதரர் இருவர் பெயரிலும் உள்ள தென்னந்தோப்பு. அதன் வடக்கே மூத்தும்மாவின் வீடு. தெற்கே எங்கள் வீடு. கிழக்கு ஓரத்தில் சாலையும் கிணறும் உள்ளன. மேற்கு ஓரத்தில் கடற்காற்று மட்டும் உண்டு. சகோதரர் இருவரும் என்றைக்காவது ஊர் திரும்பித் தத்தம் பாதியில் வீடு கட்டுவதாக இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

2. இந்நிலத்தை என் தந்தையின் தந்தை தம் இறுதிக் காலத்தில் வாய்மொழியாகப் பிரித்துக் கொடுத்து, ஒரு தாளில் எழுதியும் வைத்தார். அந்தத் தாள் மூத்தாப்பாவின் பெட்டியில் ஜித்தாவுக்குப் போய்விட்டது. ஊரில் யாரும் அதைப் பார்த்து ஆண்டுகள் பல ஆயின. கிழக்குப் பாதி எங்களுக்கு, மேற்குப் பாதி மூத்தாப்பாவுக்கு என்பது எங்கள் வீட்டில் பேச்சு வழக்காக இருந்ததே தவிர, கையில் காகிதம் கிடையாது.

3. இவ்வாண்டு தொடக்கத்தில், தம் பங்கைத் தனிப் பட்டாவாக மாற்றும் அதிகாரத்தை மூத்தாப்பா தம் மனைவிக்குப் பவர் பத்திரமாக எழுதி அனுப்பினார். அது ஜித்தாவில் ஒரு தட்டச்சு நிலையத்தில் ஆங்கிலத்தில் தயாரிக்கப்பட்டு, தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கு வந்து மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையும் பெற்றது. அதில் அவருடைய பங்கு "கிழக்குப் பாதி" என்று எழுதியிருந்தது. மூத்தும்மா அதன்படியே உட்பிரிவுக்கு விண்ணப்பித்தார்கள். மே மாத இறுதியில் எங்களுக்கு அறிவிப்பு வந்தபோதுதான், கிணறும் சாலையும் உள்ள பாதி தங்களுக்கு என்று அவர்கள் கேட்டிருப்பது எங்களுக்குத் தெரிந்தது.

4. என் தந்தை அன்றே மூத்தாப்பாவுக்குக் குரல் செய்தி அனுப்பினார். "காக்கா, கெணறும் ரோடும் உங்களுக்கு, கடக்காத்து மட்டும் எனக்கா?" என்பது அச்செய்தி. காக்கா என்றால் எங்கள் வழக்கில் அண்ணன். மூத்தாப்பாவின் பதில் இது: "எனக்க வாப்பா எனக்குத் தந்தத கேட்டேன். ஒரு அடி கூடக் கேக்கல. நீ இவ்வளவு பேச்சு பேசுவேன்னு தெரியாமப் போச்சு." அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஹஜ் பெருநாளுக்கும் ஒருவருக்கொருவர் சலாம் சொல்லவில்லை. சொன்ன இரண்டு செய்திகளிலும் பொய் ஏதும் இல்லை என்பதை நான் மிகத் தாமதமாக அறிந்துகொண்டேன்.

5. ஊரில் என் உம்மா திருமதி இர்ஷாதாவும் மூத்தும்மாவும் நேரில் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டு, வேலிக்கு இப்பாலும் அப்பாலும் காற்றைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். "எனக்கு இனி கெணத்துல வெள்ளம் கோரணும்னா எம்பசில போயி கேக்கணும் போலிருக்கு" என்று உம்மா சொன்னால், "சீல் வச்ச பேப்பரு தப்பாப் போவுமா? படிச்ச பிள்ளை இருக்கில்லா வீட்டுல, வாசிக்கச் சொல்லுங்க" என்று மூத்தும்மாவின் குரல் வரும். படித்த பிள்ளை என்பது நான்தான். நான் அப்பத்திரத்தின் நகலை அகராதியுடன் வாசித்தேன். ஈஸ்ட் என்றே இருந்தது. ஆகவே மூத்தாப்பா எங்கள் பங்கைப் பறிக்கிறார் என்று முடிவு செய்தேன்.

6. 04.06.2025 அன்று மூத்தும்மா ஒரு கொத்தனாரை அழைத்துத் தோப்பின் நடுவே இரண்டு மூங்கில் குச்சிகளை நட்டுக் கயிறு கட்டினார்கள். மறுநாள் காலை குச்சிகள் இல்லை. எடுத்தது யார் என்று இரு வீட்டிலும் பெரிய பேச்சு நடந்தது. என் உம்மாதான் எடுத்தார் என்று மூத்தும்மாவும், எங்கள்மீது பழி போட மூத்தும்மாவே எடுத்து ஒளித்தார்கள் என்று உம்மாவும் இன்றுவரை நம்பியிருந்தார்கள். உண்மையை எழுதுவதாக முதலிலேயே சொல்லிவிட்டேன்: எடுத்தது நான். பள்ளிக்குப் போகும் வழியில் பிடுங்கி வந்து, என் புத்தக அலமாரியின் பின்புறம் வைத்திருந்தேன்.

7. அன்றே இரு வீட்டாரும் தோப்பை நோக்கிப் பெரிய மின்விளக்கு ஒவ்வொன்றைப் பொருத்தினார்கள். எங்கள் விளக்கு பலாமரத்தில்; மூத்தும்மாவின் விளக்கு மொட்டைமாடிக் கைப்பிடியில். எல்லையை யாரும் நகர்த்தாதிருக்க இந்தக் காவல். முதலில் அணைப்பவர் விட்டுக்கொடுத்தவர் ஆவார் என்பதால், விடிந்த பிறகும் இரண்டும் எரிந்தன. ஜூலை முதல் வாரத்தில் எங்கள் விளக்கு பழுதானபோது உம்மா அரை மணி நேரத்தில் புதிது வாங்கி மாட்டினார். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் இரண்டு விளக்குகள் எரியும் தோப்பைச் சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

8. இந்நிலையில்தான் நில அளவர் திருமதி ஜெஸ்மி அவர்கள் 12.06.2025 அன்று முதல்முறை வந்தார்கள். இனி என் முந்தைய மனுவில் எழுதியவற்றைப் பத்தி பத்தியாகத் திருத்துகிறேன்.

(அ) "நில அளவர் வந்தும் சங்கிலியைக் கையில் எடுக்கவில்லை" என்று எழுதினேன். எடுக்கவில்லை என்பது சரி. கோப்பில் இருந்த காகிதங்களை வாசித்துவிட்டு, "பாட்டா எழுதின தாளு எங்க?" என்று தோப்பில் நின்று இரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி வினவினார்கள் என்பதை நான் எழுதவில்லை. வேலிக்கு அருகில் நின்ற நானே அதைக் கேட்டேன்.

(ஆ) "எதிர்தரப்பு வீட்டில் அமர்ந்து தேநீர் அருந்தி, இரண்டு பழம்பொரியும் உண்டார்" என்று எழுதினேன். அதற்கு முன் அவர்கள் எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நின்றார்கள். "ஆம்பிள இல்லாத வீடு, பொறவு வாங்க" என்று சொல்லி உம்மா கதவைச் சாத்தினார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதினால் என் மனு வலுவிழக்கும் என்று எண்ணி விட்டுவிட்டேன். என் பிழைகளில் பெரியது இதுவே.

(இ) "இரண்டாம் முறை வந்தபோது எதிர்தரப்பு வீட்டில் நாற்பது நிமிடம் கதவடைத்துப் பேசினார்" என்று எழுதினேன். 26.06.2025 அன்று வந்தபோது அவர்கள் தோப்பு முழுவதையும் அளந்தார்கள். கல் மட்டும் நடவில்லை. கதவடைத்தது மழை அடித்ததால். நாற்பது நிமிடம் காத்திருந்தது, ஜித்தாவில் மூத்தாப்பாவின் வேலை முடியும்வரை. அங்கே நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். அவர் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, பாட்டனார் எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்பினார். அந்தப் படத்துக்காகவே அவர்கள் காத்திருந்தார்கள்.

9. நான்கு நாள் கழித்து, உம்மாவுக்கும் தெரியாமல், பார்வை ஒன்றில் காணும் மனுவை எழுதிப் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். எங்கள் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் உள்ள மாதிரி மனுவைவிட அது நன்றாக வந்திருப்பதாக எனக்குப் பெருமையும் இருந்தது. தங்கள் அலுவலகம் புகார் பெற்றவுடன் விளக்கம் கேட்டது முறையான நடவடிக்கை. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. குறை மனுவில் இருந்தது.

10. குறிப்பாணை கைக்கு வந்த மறுநாள், 11.07.2025 வெள்ளிக்கிழமை காலை, நில அளவர் அவர்கள் மூன்றாம் முறை வந்தார்கள். புகாருக்கு உள்ளான ஒருவர் புகார் கொடுத்த வீட்டுக்கு மீண்டும் வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கோப்பிலிருந்து என் மனுவின் நகலை எடுத்துக் காட்டி, "நீயாக்கும் எழுதினது?" என்று கேட்டார்கள். நான் தலையாட்டினேன். உம்மா அப்போதுதான் அதை அறிந்தார்.

நில அளவர் அவர்கள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நல்ல தமிழு பிள்ளே. ஒருதலைப்பட்சம்னு எழுத எனக்கே ரெண்டு மட்டம் யோசிக்கணும். ஆனா ஒரு கணக்கு தப்பு. பழம்பொரி ரெண்டு இல்ல, மூணு. மூணாவது திங்கும்போ நீ அங்கோட்டு திரும்பிட்ட."

ஆகவே என் முந்தைய மனுவில் கண்ட அந்த எண்ணிக்கையும் தவறு. தமக்கு எதிரான சாட்சியத்தைத் தாமே திருத்திக் கொடுக்கும் ஒருவரை நான் அதற்குமுன் கண்டதில்லை. "ஸ்கூலுக்கு ஒரு மணிக்கூறு பிந்திப் போ. நீ நல்லா எழுதுவ. நான் பேசியத நீ எழுது" என்று சொல்லி, என்னையும் தோப்புக்கு அழைத்துப் போனார்கள். ஆகவே கீழே வருவது என் நோட்டுப் புத்தகத்தில் அப்போதே எழுதியது.

11. தோப்பில் உம்மாவையும் மூத்தும்மாவையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். மூத்தும்மாவின் கைபேசியில் மூத்தாப்பாவைக் காணொளியில் அழைக்கச் சொன்னார்கள். வெள்ளி அவருக்கு விடுமுறை நாள். அங்கே அப்போது காலை ஏழரை மணி இருக்கும். பாட்டனாரின் தாளில் உள்ள ஒரு வரியை நில அளவர் அவர்கள் உரக்க வாசித்தார்கள்: "கிப்லாப் பக்கம் மூத்தவன் ஜலாலுதீனுக்கு, மற்றப் பக்கம் இளையவன் ஷரீஃபுக்கு." கிப்லா என்பது தொழுகைக்கு நாங்கள் முகம் திருப்பும் மக்கா நகரத்தின் திசை. எங்கள் ஊரில் திசை சொல்லும்போது மேற்கு என்பதற்குப் பதிலாகக் கிப்லாப் பக்கம் என்பது வழக்கம். பிறகு நடந்தது பின்வருமாறு.

நில அளவர்: "காக்கா, பவர் எழுதும்போ டைப் பண்ணினவர்ட்ட என்ன பறைஞ்சீங்க?"

மூத்தாப்பா: "வாப்பா எழுதினதத்தான் பறைஞ்சேன். கிப்லாப் பக்கம் உள்ள பாதின்னு. வேற நான் ஒண்ணும் பறையல."

நில அளவர்: "சரி. இப்ப மாடிக்கு ஏறுங்க. தொழுகைக்கு நிக்கியது போல நில்லுங்க. போன எதுத்தாப்புல பிடியுங்க."

மூத்தாப்பா படியேறிப் போய் நின்றார். வெயில் நேராக முகத்தில் அடித்ததால் கண்ணைச் சுருக்கினார்.

நில அளவர்: "வெயில் எங்க அடிக்கி?"

மூத்தாப்பா: "மூஞ்சில."

நில அளவர்: "நம்ம ஊர்ல காலைல தொழுதுட்டு இருந்தா வெயில் எங்க அடிக்கும்?"

மூத்தாப்பா: "முதுகுல."

 நான் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மூத்தும்மா கைபேசியைத் தம் முகத்துக்கு அருகில் கொண்டுபோய், "என்னங்க, லைன் போயிட்டா?" என்று கேட்டார்கள். லைன் போகவில்லை.

12. தங்களுக்கு இது முன்பே விளங்கியிருக்கும். ஆயினும் பதிவுக்காக எழுதுகிறேன். ஜித்தா மக்கா நகரத்துக்கு மேற்கே இருக்கிறது. ஆகவே அங்கே கிப்லா கிழக்குப் பக்கம். தட்டச்சு நிலையத்தில் இருந்தவர், கூரையில் ஒட்டியிருந்த கிப்லா அம்புக்குறியை அண்ணாந்து பார்த்து, கிழக்கு என்று அடித்துவிட்டார். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்ததால் மூத்தாப்பா வாசிக்காமல், காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார். "கையெழுத்து எனக்கதாக்கும். கண்ணு அதுல இல்ல" என்று அவரே சொன்னார். தூதரகம் கையெழுத்துக்குத்தான் சான்றளிக்கிறது. அங்கே யாரும் பிழை செய்யவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் நாள்தோறும் ஐந்து வேளை கிழக்கு நோக்கித் தொழுத ஒருவர், ஊரில் உள்ள தம் மேற்கு நிலத்தைக் கேட்டிருக்கிறார். நாங்கள் அதைத் திருட்டு என்றோம்.

13. இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான் கேட்டேன். பாட்டனாரின் தாளும் பவர் பத்திரமும் பொருந்தாததால், வீட்டில் தம் மகளின் பள்ளி நிலப்பட நூலில் ஜித்தாவைத் தேடியதாகச் சொன்னார்கள். அவர்கள் இனயம் என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்தவர்கள், கடலுக்குப் போகும் குடும்பம், கிறிஸ்தவர். எங்கள் மதத்தின் ஒரு சிறு வழக்கத்தை எங்களைவிடக் கவனமாக யோசித்திருக்கிறார்கள். நான் அதே நிலப்பட நூலை மூன்று ஆண்டுகளாகப் பையில் சுமக்கிறேன். ஜித்தாவையும் மக்கா நகரத்தையும் வெவ்வேறு நாட்களில் பார்த்திருக்கிறேன், சேர்த்துப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொன்னார்கள். "நடுக்கோடு எப்படியும் ஒண்ணுதான். யாரு கிழக்கு யாரு மேற்குன்னு மாறினாலும் கல்லு நிக்கிய இடம் மாறாது. நீங்க ஒரு மாசமா லைட் போட்டுக் காவல் காக்கியது யாருமே கேக்காத ஒரு கோட்டை." உம்மா இதைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, வேறெதுவுமா என்று நான் கவனிக்கவில்லை. அப்படியென்றால் கல்லை முதலிலேயே நட்டிருக்கலாமே என்று கேட்டேன். "கல்லு நட்டா பேரும் எழுதணும். தப்பாப் பேரு எழுதிட்டா, பொறவு ரெண்டு வீடும் சாவுமட்டும் கோர்ட்டுலதான் பாத்துக்கிடுவீங்க" என்றார்கள். நான் கடமை தவறல் என்று பெயரிட்டது இதைத்தான்.

14. அதன்பின் உம்மாவின் கைபேசியில் என் தந்தையையும் அழைக்கச் சொன்னார்கள். சங்கிலி பிடிக்க உதவியாளர் அன்று வரவில்லை. ஆகவே சங்கிலியின் ஒரு முனையை உம்மாவிடமும் மறுமுனையை மூத்தும்மாவிடமும் கொடுத்தார்கள். இருவரும் ஒரு கையில் சங்கிலியும் மறு கையில் கைபேசியுமாக நின்றார்கள். ஓர் அளவு முடிந்து இருவரும் அருகருகே வந்தபோது, "ரெண்டு போனையும் மூஞ்சிக்கு மூஞ்சி பிடியுங்க. நான் புலப்படம் எழுதி முடிக்கியமட்டும் அண்ணனும் தம்பியும் என்னமாவது பேசட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒரு தென்னை மூட்டில் போய் அமர்ந்தார்கள்.

 முதலில் மூத்தாப்பாவின் குரல்: "ஏலே, நான் கிப்லாப் பக்கம்தானலே கேட்டேன்." என் தந்தையின் குரல்: "அது உங்களுக்குத்தான காக்கா. யாரு இல்லன்னா?" அடுத்து என் தந்தை, "கெணறு ரெண்டு வீட்டுக்கும் உள்ளதுன்னு எழுதிப் போடச் சொல்லுங்க" என்றார். உம்மாவும் மூத்தும்மாவும் கைபேசிகளைப் பிடித்திருந்ததால் முகத்தைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. கை வலிக்கிறது என்று இருவரும் சொல்லவும் இல்லை. நில அளவர் அவர்கள் புலப்படத்தை, அதாவது நிலத்தின் அளவு வரைபடத்தை, எழுதி முடித்த பின்பும் சிறிது நேரம் எழுதுவதுபோலக் குனிந்தே இருந்தார்கள். அவர்கள் பேனா மூடியிருந்ததை நான் பார்த்தேன்.

15. அன்று இரு தரப்பிடமும் சம்மத வாக்குமூலம் வாங்கினார்கள். மூத்தாப்பா புதிய பவர் பத்திரம் அனுப்ப வேண்டும் என்றும், அது வந்த பிறகே கல் நடப்படும் என்றும் எழுதிக் கையொப்பமிட்டார்கள். மூத்தும்மா தட்டில் பழம்பொரி கொண்டுவந்தபோது, நில அளவர் அவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "விசாரணை முடியட்டும்" என்று மறுத்தார்கள். புகாரால் எனக்கு நேர்ந்த தண்டனை என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

16. ஜூலை 14 முதல், விசாரணை முடியும்வரை, நில அளவர் அவர்கள் களப்பணியிலிருந்து அலுவலகப் பணிக்கு மாற்றப்பட்டிருப்பதாக அறிகிறேன். அவர்கள் தயாரித்த புலப்படமும் வாக்குமூலங்களும் என் புகார் நிலுவையில் உள்ளதால் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. விசாரணையில் என் புகார் உறுதியானால் அந்தப் புலப்படம் ஏற்கப்படாது. அவர்களுடைய பணிப்பதிவேட்டிலும் அது ஏறும். சரியாகச் செய்த ஒரு வேலையைத் தவறாக எழுதிய ஒரு கடிதம் அழித்துவிடும்.

17. 28.07.2025 அன்று வேறொரு நில அளவர் புதிதாக அளந்து கல் நட வந்தார். அவர்மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் உம்மா தெற்கு வேலியிலிருந்தும் மூத்தும்மா வடக்கு வேலியிலிருந்தும் ஒரே நேரத்தில், "அளந்தவங்க வந்து நடட்டும்" என்றார்கள். மே மாதத்துக்குப் பின் இருவரும் சேர்ந்து சொன்ன முதல் வாக்கியம் அது. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கல்லைத் தோப்பின் ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போனார். இரண்டு விளக்குகளும் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தன. அதற்கு முன்பே, 22.07.2025 அன்று, திருத்திய பவர் பத்திரமும் வந்து சேர்ந்திருந்தது. அதில், "மேற்குப் பாதி, அதாவது கடல் பக்கம், கிணறு இல்லாத பக்கம்" என்று எழுதியிருக்கிறது. இம்முறை ஒவ்வொரு வரியையும் ஒரு நண்பரை வைத்துத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட்டதாக மூத்தாப்பா தெரிவித்தார்.

18. ஆகவே, தங்களிடம் பின்வருவனவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். பார்வை ஒன்றில் காணும் என் புகாரை நான் முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். அதை ஏற்க வேண்டும். திரும்பப் பெற்றதால் மட்டும் விசாரணையைக் கைவிட முடியாது என்றால், 06.08.2025 அன்று நான் நேரில் வந்து இவை அனைத்தையும் சொல்லத் தயாராக இருக்கிறேன். அன்று எனக்குக் கணிதத் தேர்வு உண்டு. தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்றுவிட்டேன். நில அளவர் அவர்களை மீண்டும் களப்பணிக்கு அனுப்பி, அவர்கள் கையாலேயே எங்கள் தோப்பில் கல் நட ஆணையிட வேண்டும். அவர்கள் பணிப்பதிவேட்டில் இதுகுறித்து ஏதேனும் எழுதியே ஆக வேண்டுமென்றால், மூன்று முறை வந்ததையும், காத்திருந்ததையும், இரண்டு சகோதரர்களை ஒரு தென்னந்தோப்பில் சந்திக்க வைத்ததையும் எழுதும்படி வேண்டுகிறேன்.

19. என் தகுதிக்கு மீறியதாயினும் ஒரு யோசனை. வெளிநாட்டிலிருந்து வரும் பவர் பத்திரங்களில் திசையுடன் சாலை, கிணறு, கடல் போன்ற ஓர் அடையாளத்தையும் எழுதச் சொன்னால் எங்களைப் போன்ற பலருக்கு உதவும். எங்கள் தெருவில் மட்டும் பதினொரு வீடுகளின் ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். அவர்களுடைய நிலங்கள் இங்கே இருக்கின்றன. அவர்களுடைய திசைகள் வேறு வேறு நாடுகளில் இருக்கின்றன.

இம்மனுவை முதலில் உம்மாவுக்கும் பின்னர் மூத்தும்மாவுக்கும் தனித்தனியே வாசித்துக் காட்ட எண்ணினேன். உம்மா, "ரெண்டு மட்டம் எதுக்குத் தொண்டைய வத்தடிக்க? அவங்களையும் இங்க கூப்பிடு" என்றார். மூத்தும்மா வந்தார்கள். ஆறாம் பத்தியை வாசித்தபோது இருவரும் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கவில்லை. "ஏட்டி, குச்சி எங்கட்டி?" என்று மூத்தும்மா கேட்டார்கள். கொண்டுவந்து கொடுத்தேன். அந்தக் குச்சியால் என் முழங்காலில் மெதுவாக ஒன்று கொடுத்துவிட்டு, "பொறவு வாசி" என்றார்கள். முழுவதும் கேட்டு, இருவரும் ஒரே மேசையில் கீழே கையொப்பமிட்டிருக்கிறார்கள்.

என் பிழைக்குத் தங்களிடமும், தங்கள் வழியாக நில அளவர் அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டு, நல்ல ஆணைக்குக் காத்திருக்கிறேன்.

இடம்: தேங்காப்பட்டணம்
நாள்: 04.08.2025

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(ஒப்பம்) மு. ஷாஹினாஸ்

மேலே கண்டவை உண்மை என்று உறுதி கூறுவோர்:
(ஒப்பம்) இர்ஷாதா
(ஒப்பம்) ஜைனம்பு

இணைப்பு: 1. பாட்டனார் எழுதிய தாளின் நகல். 2. திருத்திய பவர் பத்திரத்தின் நகல். 3. 11.07.2025 அன்று நான் எழுதிய நோட்டுப் புத்தகத்தின் நான்கு பக்கங்கள். (மூங்கில் குச்சிகள் இரண்டும் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதால் இணைக்கப்படவில்லை.)

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஒன்றைச் சேர்க்கிறேன். இருவரும் கையொப்பமிட்டபின் மூத்தும்மா தம் வீட்டுக்குப் போனார்கள். உம்மா அடுக்களைக்குப் போனார். நான் அஞ்சல்தலை ஒட்டிக்கொண்டிருந்ததால் யார் முதலில் என்று பார்க்கவில்லை. ஆகவே அதைப் பற்றி என்னால் சாட்சி சொல்ல இயலாது. நிமிர்ந்து பார்த்தபோது பிற்பகல் மூன்று மணி. தோப்பில் வெயில் மட்டும் இருந்தது. அறுபது நாட்களுக்குப் பின் இரண்டு விளக்குகளும் அணைக்கப்பட்டிருந்தன.